நிற்கச் சொன்ன லாரி

போர் முடிந்து ஒரு தலைமுறை ஆன பிறகு, சதுப்புக்குள் முழுகிப்போயிருந்த ஆறு சக்கர ராணுவ லாரி ஒன்று மூக்கை நீட்டிக்கொண்டு தானாகவே மேலே வந்தது. அது தலைகாட்டிய அதே வாரத்தில் முட்டை விலையும் ஏறியதால், ஊரில் லாரியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. சேறு பொருள்களைத் திருப்பித் தருவது அப்போது புதுமையும் இல்லை. கரண்டி, குடை, சைக்கிளின் பின்சக்கரம், ஒருமுறை ஓடிக்கொண்டே இருந்த சுவர்க்கடிகாரம் என்று அதற்குத் தோன்றியபோது தோன்றியதைக் கரையில் ஒதுக்கிவிடும். லாரி கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். முன்கம்பி வெளியே வர ஒரு கோடை, பானெட் வர இன்னொரு கோடை, பின்பலகை வர அடுத்த மழைக்காலம் என்று அவசரமே காட்டாமல் வந்து, பட்டறைக்காரரின் வீட்டுக்குப் பின்னால் கரையேறி நின்றது.

அந்தச் சதுப்பு முன்பெல்லாம் சாலைக்குப் பக்கத்தில் தன்பாட்டுக்குக் கிடந்ததுதான். பட்டறைக்காரரின் மகளுக்குக் கல்யாணமான வருடம் பெய்த மழைக்குப் பிறகு அது எழுந்து சாலையின்மேல் படுத்துக்கொண்டது. அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. மலையடிவாரத்திலிருந்து கடல்வரை ஒரே சேறு, சுற்றிப்போகவும் வழியில்லை. தொலைபேசிக் கம்பங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து உள்ளே போயின. படகு விட்டவர்கள் படகைப் பறிகொடுத்துவிட்டு வந்தார்கள். பலகை போட்டு நடந்தவர்கள் செருப்பையும் துணிச்சலையும் பறிகொடுத்துவிட்டு வந்தார்கள். மகள் வாழப்போன வீடு நேரெதிர்க் கரையில், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தது. கூப்பிடு தூரம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கூப்பிட முடியாது. உரக்கச் சொன்ன வார்த்தைகள் பாதி வழியிலேயே சேற்றில் விழுந்துவிடும், சில மாதம் கழித்து நடுச்சேற்றில் ஒரு குமிழி உடைந்து, "சாப்பிட்டியா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்கும்.

ஆகவே பெற்றவர்கள் இருவரும் மகளின் வாழ்க்கையை அவள் துணிக்கொடியிலிருந்து தெரிந்துகொண்டார்கள். கொடியில் அவள் கொண்டுபோன பச்சைப் புடவை தொங்கினால் நன்றாக இருக்கிறாள். நாலு நாள் கொடி காலியாக இருந்தால் உடம்புக்கு ஏதோ. ஒரு வருடம் உள்ளங்கை அகலத்தில் ஒரு சட்டை தொங்கியது. அன்று பட்டறைக்காரரின் மனைவி கரையில் உட்கார்ந்து சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு எழுந்து வீட்டுக்கு வந்து, "எனக்கு அந்தக் குழந்தையைத் தூக்கணும்ங்க, வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் கணவனிடம் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றுதான். பின்வாசலில் லாரி வந்து நின்றது அதற்கடுத்த மாதம். சேற்றைக் கடக்கவென்றே செய்த வண்டி. ஆறு சக்கரமும் இழுக்கும். பட்டறைக்காரர் அதை ஒருமுறை சுற்றிவந்தார், சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார்.

வேலை வருடக்கணக்கில் இழுத்தது. எஞ்சின் கல்லாக இறுகியிருந்தது. சிலிண்டர்களில் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவைத்து, தினமும் காலையில் கடப்பாரையைக் கொடுத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுத்தான் பல் தேய்ப்பார். ஒரு கோடை முழுக்க அது அசையவில்லை. அசைந்த அன்று நகக்கண் அளவு அசைந்தது. ரேடியேட்டருக்குள் குடியிருந்த மீன்களை வாளிக்கு மாற்றினார். கழற்றிய போல்ட்டுகளை ஒரு உறுப்புக்கு ஒரு கம்பியென்று, கழற்றிய வரிசையிலேயே கோத்து உத்தரத்தில் தொங்கவிட்டார். காற்றடித்தால் பட்டறை முழுக்கக் கலகலக்கும். பிரேக் குழாய்களைப் புதிதாக வளைத்தார், மட்கிய தளப்பலகைகளைப் பெயர்த்துவிட்டு வேறு இழைத்துப் போட்டார். மேல்கூரைக் கித்தானை மனைவி கோணி ஊசியால் தைத்தாள். "இத்தனை வருஷமா கூட இருக்கேன், என் முகத்தை ஒருநாள் இப்படி உத்துப் பாத்ததில்லையே" என்று அவள் கேட்டால், அவர் கார்புரேட்டரில்லாத வண்டியின் கஷ்டங்களைப் பற்றி ஏதாவது சொல்வார்.

எஞ்சின் உயிர்பெற்ற நாளில் வண்டி சிவப்பு பிரைமர் மட்டும் பூசி, தோல் உரித்ததுபோல நின்றது. பட்டறைக்காரர் அதைக் கரையோரம் ஓட்டிப் பார்த்தார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு சேற்றுக்குள் இறக்கினார். அது எருமை இறங்குவதுபோல நிதானமாக இறங்கி, நல்ல தூரம் போய், திரும்பி வந்தது. கரைக்கு வருவதற்குள் மனைவி துணிமூட்டையுடன் தயாராக நின்றாள். நிறுத்துவதற்கு முன்பே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"அப்படியே போயிடலாங்க" என்றாள்.

"பெயிண்ட் அடிக்காம சம்பந்தி வீட்டு வாசல்ல போய் நிக்கறதா? நாலு நாள்ல காஞ்சிடும். இத்தனை வருஷம் இருந்தோம்ல."

அவரைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாணத்தன்று சம்பந்தி, பள்ளிக்கூட வாத்தியார், இவரை உட்காரச் சொல்வதற்கு முன் நாற்காலியில் செய்தித்தாளை விரித்துப் போட்டார். கை எண்ணெய் என்பதால் கால்சட்டையும் எண்ணெயாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கலாம். பட்டறைக்காரர் அன்று சலவை செய்த புதுத் துணிதான் போட்டிருந்தார். அந்தத் தாளின்மேல் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். இப்போது மனைவி மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, லாரிப் படியில் கால் எட்டாமல் தடவித் தடவிப் பின்பக்கமாக இறங்கினாள். பிறகு வந்த வருடங்களில் கண்ணை மூடினாலே அவருக்கு அந்த இறங்கல்தான் தெரிந்தது.

பெயிண்ட் வேலையில் அவரை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. தேய்க்கும்போது முன்கம்பியின் இடது ஓரத்தில், மூன்று பூச்சுக்கு அடியில், வண்டியின் பழைய படையெண் மங்கலாகத் தெரிந்தது. அதைத் தாளில் பிரதியெடுத்து, அட்டையில் வெட்டி, கரும்பச்சை காய்ந்த பிறகு வெள்ளையில், இருந்த இடத்திலேயே, இருந்த அளவிலேயே எழுதினார். எடுத்து நிறுத்துகிற வண்டி எப்படிப் பிறந்ததோ அப்படியே நிற்க வேண்டும் என்பது அவர் தொழிலில் ஒரு பிடிவாதம். செய்த தப்பு இதுதான். தான் யாரென்று தெரியாதவரை வண்டி யார் சொன்னாலும் கேட்டது. எண்ணை எழுதியதும் அதற்குத் தான் யாரென்று தெரிந்துவிட்டது.

மறுநாள் மனைவி ஏறினாள், மூட்டை ஏறியது, எஞ்சின் சுகமாக முனகியது. கியரைப் போட்டார். ஆறு சக்கரமும் சுற்றின. வண்டி நகரவில்லை. தரையில் ஒரு கோடுகூட விழவில்லை, தூசிகூட எழும்பவில்லை. டிராக்டரைக் கட்டி இழுத்தார்கள், டிராக்டர்தான் பின்னால் வந்தது. கூட்டத்தோடு கூட்டமாக வேடிக்கை பார்க்க வந்த முட்டைக்காரர் முன்கம்பியில் இருந்த எண்ணைப் பார்த்ததும், முட்டைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

முட்டைக்காரர் இளவயதில் ராணுவத்தில் இருந்தவர். அணிவகுப்பு இந்த வழியாகப் பின்வாங்கியபோது, முன்னால் பாதை இருக்கிறதா என்று பார்க்க அவரைத்தான் அனுப்பினார்கள். கடைசி லாரியின் டிரைவரிடம், "நான் வந்து சொல்றவரைக்கும் இங்கேயே நில்லு" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். அவர் பாதை தேடிக்கொண்டிருந்தபோதே போர் முடிந்துவிட்டது. அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். டிரைவர் ஒரு வாரம் காத்திருந்து நடந்துபோனதாகக் கேள்வி. லாரி நின்றது, நின்ற இடத்திலேயே முழுகியது.

"நீங்களே சொல்லுங்கண்ணே, போகச் சொல்லுங்க" என்றாள் பட்டறைக்காரரின் மனைவி. முட்டைக்காரர் பெட்டியில் கிடந்த சீருடையை எடுத்து மாட்டி, பொத்தான் போட முடியாத வயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டு, வண்டிக்கு முன்னால் வந்து நின்று தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார். வண்டி கேட்கவில்லை. அவருக்கு ஓய்வு கொடுத்திருந்தார்கள், வண்டிக்குக் கொடுக்கவில்லை. சாதாரண மனிதர் சொல்லி ராணுவ வண்டி நகருமா? பட்டறைக்காரர் எண்ணைச் சுரண்டினார், அது அடியிலிருந்து மேலே வந்தது. கறுப்பு பூசினார், கறுப்பின்மேல் வெள்ளையாக எழுந்தது. முன்கம்பியையே அறுத்து எறிந்தார். எண் பானெட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்று ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு, "என் வீம்புதான், என் வீம்புதான்" என்று அழுதார். மனைவி அவரைத் தேற்றவில்லை. "ஆமா" என்றாள்.

பிறகு வருடங்கள் போயின. கொடியில் சட்டை நீண்டது, பக்கத்தில் இன்னொரு சின்னச் சட்டை வந்தது, அதுவும் நீண்டது. பட்டறைக்காரர் எஞ்சினை வாராவாரம் ஓட்டி அணைத்தார். நகராத வண்டிக்கு ஊரிலேயே நல்ல எஞ்சின் இருந்தது. முட்டைக்காரர் படுக்கையில் விழுந்தார். அவருக்கென்று யாரும் இல்லை. ஒருநாள் அவர், "நான் உயிரோட இருக்கற வரைக்கும் அது என்னை எதிர்பார்த்துக்கிட்டேதாம்மா இருக்கும். நான் போனாத்தான் அதுக்கு விடுதலை" என்று சொன்னார். அதைக் கேட்ட பிறகும் பட்டறைக்காரரின் மனைவி வேளை தவறாமல் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனாள், முதுகு துடைத்துவிட்டாள், மருந்து கொடுத்தாள். அவள் கொடுத்த மருந்தில் அவர் மேலும் பல வருடம் இருந்தார்.

"நான் சீக்கிரம் போகணும்னு வேண்டிக்கிறியா, இருக்கணும்னு வேண்டிக்கிறியாம்மா?" என்று கேட்டார்.

"ரெண்டுந்தாண்ணே. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"நியாயம்தான்" என்றார் அவர்.

அவர் உயிர் பிரிந்த காலை, கணவனும் மனைவியும் வெட்கத்தை விட்டுவிட்டு முதலில் லாரிக்குத்தான் ஓடினார்கள். மூட்டையோடு ஏறி உட்கார்ந்து, எஞ்சினைப் போட்டு, கியரைப் போட்டு, மதியம்வரை காத்திருந்தார்கள். சக்கரங்கள் சுற்றின. வண்டி நகரவில்லை. மனிதர் ஏதோ ஆறுதலுக்குச் சொல்லியிருக்கிறார் என்று முடிவு செய்து எஞ்சினை அணைத்தார்கள். அங்கே முட்டைக்காரர் வீட்டில் தூக்கிப்போக நாலாவது ஆளில்லாமல் உடல் வாசலில் கிடந்தது. பட்டறைக்காரர் போய்த் தோள் கொடுத்தார்; மனைவி பின்னால் நடந்தாள்.

குழிக்குள் இறக்கி முதல் பிடி மண் விழுந்தபோது எஞ்சின் சத்தம் கேட்டது. அது எந்த எஞ்சின் என்று அவருக்குச் சொல்லத் தேவையில்லை. கயிற்றின் ஒரு முனை இன்னும் அவர் கையில் இருந்தது, மற்ற மூவரும் கிழவர்கள். விட்டால் உடல் புரண்டுவிடும். அவர் மனைவியைப் பார்த்தார், அவள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாள். முழங்கால் வலிக்காரி, செருப்பை வழியிலேயே விட்டுவிட்டு ஓடினாள். அவள் கரைக்கு வந்தபோது லாரி நடுச்சேற்றைத் தாண்டியிருந்தது. யாருமில்லாத டிரைவர் அறைக்குள் ஸ்டியரிங் இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டிருந்தது. உத்தரவு போட்டவரை மண்ணுக்குள் அனுப்பிவைத்த பிறகுதான் அது கிளம்பியது. ராணுவ வண்டிக்கு முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா. எதிர்க்கரையில் ஏறி, மகள் வீட்டு வாசலில் நின்று, அணைந்துவிட்டது.

வீட்டிலிருந்து எல்லாரும் வெளியே வந்தார்கள். குழந்தைகள் டயரைத் தொட்டார்கள். மகள் பானெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு இந்தக் கரையைப் பார்த்தாள், யார் கைவேலை என்று அவளுக்குத் தெரியாதா? மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்து எதையெதையோ திருகினார். வண்டி எழவில்லை. இந்த மாதிரி வண்டிக்குச் சாவி கிடையாது. எஞ்சினின் இடது பக்கம் இருக்கிற சின்னக் கைப்பம்பை டீசல் ஏறும்வரை அமுக்க வேண்டும், பிறகு சீட்டுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்த வேண்டும். தெரிந்தவருக்கு ஒரு நிமிட வேலை. தெரியாதவர் தலைகீழாக நின்றாலும் நடக்காது.

பட்டறைக்காரர் மறுநாள் சாயங்காலம் கரையில் நின்று, கத்திப் பயனில்லை என்பதால், கையாலேயே சொல்லிக் காட்டினார். இடது கையால் காற்றில் மேலும் கீழும் அமுக்கினார், குனிந்து வலது கையால் நெம்புகோலை இழுத்தார், கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினார். நிதானமாக, ஒவ்வொன்றையும் பத்துத் தடவை. எதிர்க்கரையில் சின்னவன் அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்தான். பிறகு அவனும் இடது கையை மேலும் கீழும் ஆட்டினான், குனிந்தான், நிமிர்ந்து கட்டைவிரலைக் காட்டினான். பெரியவளும் அப்படியே செய்தாள். மகள் இரண்டு கையையும் ஆட்டிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவளும் குனிந்து நிமிர்ந்தாள். தாத்தா வணக்கம் சொல்கிறார் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு ஒருநாள்கூட அவர்கள் தவறவிட்டதில்லை. சாயங்காலமானால் அந்தக் கரையில் நால்வரும் வரிசையாக வந்து, அமுக்கி, குனிந்து, கட்டைவிரலைக் காட்டுவார்கள். பட்டறைக்காரர் ஒவ்வொரு முறையும் இன்னும் தெளிவாகச் செய்துகாட்டுவார். அவர்களும் இன்னும் தெளிவாகச் செய்வார்கள். ஊரில் பார்ப்பவர்களும் பழகிப்போய், தெருவில் எதிர்ப்பட்டால் ஒருவருக்கொருவர் அப்படியே செய்துகொள்ள ஆரம்பித்தார்கள். மனைவி மட்டும் அவர்களுக்குப் புரியவைக்கிற ஆசையை முதலிலேயே விட்டுவிட்டாள். அவள் குழந்தைகளைப் பார்த்து, அவர்கள் செய்வதுபோலவே இடது கையை மேலும் கீழும் ஆட்டிக் குனிந்து நிமிர்வாள். நிமிர்ந்ததும், "வளந்துட்டாங்க, பாத்தீங்களா" என்பாள். பிறகு விளக்கேற்ற நேரமாகிவிட்டதென்று இருவரும் வீட்டுக்குப் போவார்கள்.