நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும் நேரம்

“…வெறும் பால்தான். காலையில பால், மத்தியானம் பால், ராத்திரியும் பால். புத்தகம் கிடையாது, பேப்பர் கிடையாது, கடிதாசு கூடக் கிடையாது.”

“கடிதாசு கூடவா? அப்ப எனக்கும் ஒரு படுக்கை போட்டு வையுங்க டாக்டர். வக்கீல் ஆபீஸ்ல என் கட்சிக்காரனுங்க கடிதாசு போட்டே கொல்றானுங்க.”

“நீ போனா பாலா குடிப்பே, கில்பர்ட்? அதுல பிராந்தியைக் கலந்துடுவே.”

எல்லோரும் சிரித்தார்கள், ஹெஸ்டரும் சிரித்தாள், சிரிக்காமல் இருந்தால் அதையும் யாராவது மனதில் குறித்துக்கொள்வார்கள், அதனால் அளவாக, பல் தெரியாமல், கணவன் சொன்னதற்கு ஒன்று, கணவனின் அக்கா சொன்னதற்கு ஒன்று… யாரைப் பற்றிப் பேச்சு? யாரோ ஒரு பாதிரியாரின் மனைவியாம், கடலோரத்தில் டாக்டர் பெல்லமி நடத்தும் ஓய்வு இல்லத்தில் படுத்திருக்கிறாளாம், வரும்போது குச்சியாக இருந்தவள் இப்போது கன்னம் உப்பி ரோஜாவாக இருக்கிறாளாம், எதற்கும் மறுத்துப் பேசுவதே இல்லையாம். நல்ல கதை. அந்தப் பாதிரியார் மனைவிக்கு என் மூக்கு, என் முடி, என் நீலப் பட்டு கவுன். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள், ஸ்ட்ராபெரியை வெட்டிக்கொண்டு, கிரீமைச் சொட்டவிட்டுக்கொண்டு, என் மேசையில், என் தட்டுகளில் என்னையே பரிமாறிச் சாப்பிடுகிறார்கள். டாக்டருக்கு உதடு எப்போதும் ஈரமாக இருக்கிறது. அந்த உதட்டால்தான் சொல்லப்போகிறார், கொஞ்சம் களைப்பு, கொஞ்சம் ஓய்வு…

காலையில் மாடிப்படித் திருப்பத்தில் நின்றிருந்தபோது கேட்டுவிட்டாள். கீழே தொப்பி மாட்டும் கண்ணாடி முன்னால் கில்பர்ட்டின் குரல். “ராத்திரி சாப்பாடு ஆனதும் பொம்பளைங்க எழுந்து உள்ளே போயிடுவீங்க இல்ல, அப்ப பெல்லமிகிட்டப் பேசி முடிச்சிடறேன்க்கா. அவளைக் கூட்டிட்டுப் போக வியாழக்கிழமை கார் அனுப்பறேன்னு சொல்லியிருக்கார்.” அதற்கு அகஸ்டா, அவளும் அவளுடைய மூன்று பெட்டிகளும் வந்து இறங்கி ஒரு வாரம் ஆகிறது, “முடிச்சிடு. அவ வாயைத் திறந்தா உன்னால முடியாது, நீ பாவம் பார்ப்பே,” என்றாள். கில்பர்ட் பாவம் பார்ப்பானா? ஒருவேளை பார்ப்பான், முகத்துக்கு நேராக அவனால் எதுவும் சொல்ல முடியாது, நாயைக் கொல்லச் சொன்ன அன்றுகூட வீட்டில் இருக்காமல் மீன் பிடிக்கப் போய்விட்டான். அவனுக்கு நான் அறையில் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் தேவை. ஒரு கதவு, கதவுக்கு இந்தப் பக்கம் போர்ட் மது, சுருட்டு, இரண்டு ஆண்கள், அந்தப் பக்கம் காபிக் கோப்பையோடு மூன்று பெண்கள், அரை மணி நேரம்.

ஆனால் நான் எழ வேண்டுமே. அதை மறந்துவிட்டார்கள். வீட்டுக்காரி முக்கியமான விருந்தாளிப் பெண்ணின் கண்ணைப் பார்க்க வேண்டும், லேசாக ஒரு புன்னகை, நாற்காலி பின்னுக்கு நகர வேண்டும், அதுவரை எந்தப் பெண்ணும் எழக் கூடாது, எந்த ஆணும் சுருட்டைத் தொடக் கூடாது. அம்மா அப்படித்தான் கற்றுக்கொடுத்தாள், கண்ணால் மட்டும், ஹெஸ்டர், ஆடு மேய்க்கிறவள் மாதிரி கையை ஆட்டாதே. இத்தனை வருடம் அந்த ஒரு பார்வையை வீணாக்கிவிட்டேனே, ஏதோ மரியாதை என்று நினைத்துக்கொண்டு… இது பூட்டு. சாவி என் கண்ணில் இருக்கிறது. அகஸ்டா சரக்கறைச் சாவியை வாங்கிக்கொண்டாள், துணி அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டாள், இதை எப்படி வாங்குவாள்?

பணிப்பெண் நெட்டி விரல் கழுவும் கிண்ணங்களை எடுத்துவிட்டாள். போர்ட் குடுவையை டாக்டர் பக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நேரம் ஆகிவிட்டது. மிஸஸ் பெல்லமி அவளைப் பார்த்தாள். ஹெஸ்டர் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ஜூன் மாத வெளிச்சம் போகவே மனமில்லாமல் புல்தரையில் படுத்துக்கிடந்தது.

“இந்த வருஷம் ரோஜா நல்லா வந்திருக்கு,” என்றாள் ஹெஸ்டர்.

“ஆமாம்மா, ரொம்ப நல்லா…” மிஸஸ் பெல்லமி நாற்காலியில் நெளிந்தாள். பாவம், மூன்று கிளாஸ் எலுமிச்சை நீர் குடித்திருக்கிறாள், பெண்கள் எழுந்து போவதற்கு அதுவும் ஒரு காரணம், அதை யாரும் சொல்வதில்லை. நெளியட்டும். உன் புருஷன் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் பால் புகட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து கம்பளி பின்னுகிறாயே, கொஞ்சம் நெளி. எனக்கு இவ்வளவு வெறுப்பு எங்கே இருந்தது? நல்ல ருசியாக இருக்கிறது, கிரீமைவிட.

“ஹெஸ்டர், கண்ணு,” அகஸ்டா குனிந்தாள், “காபி ஆறிடும்.”

“நெட்டி மறுபடி சூடு பண்ணுவா, அண்ணி.”

“டாக்டருக்குச் சுருட்டு வேணும்.”

“அவர் கேக்கலையே. டாக்டர், அந்தப் பாதிரியார் சம்சாரம் என்ன பண்ணினாங்க? எதுக்கு அவங்களைப் படுக்க வச்சீங்க?”

டாக்டர் துண்டால் உதட்டை ஒற்றினார். “கண்ட நேரத்துல சிரிச்சாங்கம்மா,” என்றார் மெதுவாக.

ஆக, அதுதான். போன நவம்பரில் கல்தூணைச் சுற்றி ஊரே நின்றது, போரில் செத்தவர்களுக்காக இரண்டு நிமிட மௌனம், மழைத் தூறல், தலையில் தொப்பி இல்லாத ஆண்கள், தூணில் கீழிருந்து நான்காவதாக என் தம்பி செட்ரிக்கின் பெயர். அந்த மௌனத்துக்கு நடுவில் மேயரின் வயிறு கத்தியது. சின்னதாக இல்லை, காலியான பீப்பாயைப் படியில் உருட்டிவிட்டது மாதிரி நீளமாக, கேள்வி கேட்பதுபோல முடிந்தது. செட்ரிக் இருந்திருந்தால் முழங்கையால் என் விலாவில் இடித்திருப்பான். இடித்தான். சத்தியமாக இடித்தது. நான் சிரித்துவிட்டேன், வாய்விட்டு, அந்த ஊர் முழுவதும் கேட்கும்படி, இறந்தவர்களில் ஒருவனுக்காவது அந்த இரண்டு நிமிடம் பிடித்திருக்கும். கில்பர்ட் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான், ஐந்து விரலும் பதிந்திருந்தன. அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான், பால் பொங்குமா என்று அடுப்பைப் பார்ப்பதுபோல. நான் ஒருமுறை அழுதிருந்தால் போதும், இந்த வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

நாற்காலி நகரும் சத்தம். என்னுடையது இல்லை. அகஸ்டா எழுந்துவிட்டாள். வீட்டுக்காரி உட்கார்ந்திருக்கும்போது, கண்ணைப் பார்க்காமல், கேட்காமல்! எவ்வளவு சுலபமாக… பூட்டு என்று நினைத்தேனே, கதவே இல்லையா அங்கே? “வாங்க மிஸஸ் பெல்லமி,” என்றாள், இந்த மேசைக்கே பிறந்தவள் மாதிரி, மிஸஸ் பெல்லமி நன்றியோடு துள்ளி எழுந்தாள். கில்பர்ட் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். அவன் காது சிவந்திருந்தது.

“ஹெஸ்டர்,” என்றான், “நீயும் போயேன்மா.”

அவள் எழவில்லை. கால்கள் இருக்கின்றன, நாற்காலி இருக்கிறது, எழவில்லை. அதே மௌனம், தூணும் மழையும் மட்டும் இல்லை, எல்லோரும் தலை குனிந்து அது முடிவதற்காகக் காத்திருந்தார்கள். டாக்டர் மட்டும் குனியவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், கோபமில்லை, ஆர்வம்கூட இல்லை, கணக்கு சரியாக வந்த ஒருவரின் அமைதி. அப்போதுதான் புரிந்தது. எழுந்து போனால் கதவுக்குப் பின்னால் முடித்துவிடுவார்கள், உட்கார்ந்திருந்தால் பேசவே தேவையில்லை, விருந்தில் பெண்களோடு எழாத ஒரு பெண்… கில்பர்ட் வாயைத் திறக்க வேண்டியதில்லை, நானே சொல்லி முடித்துவிட்டேன். வயிற்றுக்குள் ஏதோ உருண்டு மேலே வந்தது. சிரிப்பு. விலாவில் யாரும் இடிக்கவில்லை. சுற்றிப் பார்த்தாள், செட்ரிக் இல்லை, எந்தப் பக்கமும் இல்லை, அன்றைக்கும் இருந்தானா என்ன? இது என்னுடையதுதானா, ஆரம்பத்திலிருந்தே என்னுடையதா?

உதட்டைக் கடித்துக்கொண்டாள். கிளாஸை எடுத்து மேசையின் நடுவில் நகர்த்தி வைத்தாள்.

“டாக்டர், அந்த போர்ட் குடுவை உங்ககிட்டதானே இருக்கு. கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்களேன்.”