ஒம்பூ சந்திப்பின் இரட்டை மணி

ஒம்பூ சந்திப்பில் ரயில் நின்றுபோய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. இருந்தாலும் நிலையத்தின் நூற்றாண்டு விழாவை விட்டுவிடக் கூடாது என்று ஊர் கூடி முடிவெடுத்தது. அர்ஜென்டினாவின் இந்தப் புல்வெளிச் சீமையில் வராத மழைக்கே வருஷம் இரண்டு விழா உண்டு. வராத ரயிலுக்கு ஒன்று எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

நிலையத்தின் கதையைச் சொல்ல நிக்கானோர் பாஸ்தெரிக்காவை விட்டால் ஆள் இல்லை. முப்பது வருஷம் பிளாட்பாரத்துச் சாப்பாட்டுக் கடையை நடத்தியவர். வயசு எழுபத்தெட்டு, வாய்க்கு மட்டும் இருபத்தைந்து. ஒம்பூ மரத்தடியில் ரயில் பெட்டி ஒன்றை இறக்கி வைத்து அதையே நிலையம் என்று பாதை போட வந்த இங்கிலீஷ்காரன் சொன்னது, கோதுமை மூட்டைகள் கூரை உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தது எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் சூப்புக்கு வருவார். அதற்காகத்தான் ஜனம் காத்திருக்கும்.

சூப்பை அவர் கொதிக்கக் கொதிக்க வைப்பார். ஊதி ஊதி நாலு கரண்டி உள்ளே போவதற்குள் மணி அடித்துவிடும். ஒற்றை மணி என்றால் தெற்கே துறைமுகம் போகும் பெரிய ரயில். இரட்டை மணி என்றால் சான் எலியாஸ் போகும் கிளை ரயில். இரண்டும் ஒரே பிளாட்பாரத்துக்குத்தான் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மணி கேட்டதும் ஜனம் எழுந்து ஓடும். தட்டில் மிஞ்சியது பானைக்குத் திரும்பும். மணி அடிக்கும் ஃபெரேய்ராவுக்குத் தினம் ஒரு சாப்பாடு இலவசம். அதனால் நிக்கானோர் கண் காட்டினால் மணி கொஞ்சம் முந்தி அடிக்கும். ஊரை அடித்து உலையில் போட்ட கதையை உலை வைத்தவனே சொன்னால் ஊரும் சிரிக்கத்தானே செய்யும்?

விழா அன்று காலையில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண்மணி அவரைத் தேடி வந்தாள். பெயர் எல்வீரா குரூச்சாகா, வயசு அறுபதுக்கு மேல். மாத்தே தேநீர் நீட்டியதை வேண்டாம் என்றாள்.

"நிக்கானோர் ஐயா, நாப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி, ஜூலை மாசம். பெரிய ரயில் நிக்கும்போதே இரட்டை மணி அடிச்சுது. எனக்கு அப்படித்தான் காதுல விழுந்துச்சு. நீங்க கேட்டீங்களா?"

சான் எலியாஸில் அவள் அம்மா சாகக் கிடந்தாள். இரட்டை மணி கேட்டு எல்வீரா சூப்பை விட்டுவிட்டு ஓடி, நின்ற ரயிலில் ஏறினாள். அது தெற்கே கொண்டுபோனது. திரும்பி வருவதற்குள் மண் போட்டு மூடிவிட்டார்கள். தெற்கே துறைமுகத்தில்தான் அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை இருந்தான். அம்மாவை விட்டு அவனைப் பார்க்கப் போனவள் என்று அண்ணன் அனிபால் அன்றைக்கு வாயை மூடியவன், இன்னும் அவளிடம் திறக்கவில்லை.

"ரயில்வே மணி தப்பா அடிக்காதுன்னு அவன் ஊரெல்லாம் சொல்றான். சொல்லிச் சொல்லி எனக்கே இப்ப சந்தேகம். ஒருவேளை நானே மனசறிஞ்சுதான் ஏறினேனோ?"

நினைவில்லையே அம்மா, எத்தனையோ ரயில் என்றார் நிக்கானோர். சொல்லும்போதே காது மடல் சுட்டது.

நினைவு இல்லாமல் என்ன? அன்றைக்கு எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நேரமாகிப் பெரிய ரயில் கிளம்பவில்லை. கடையில் கிளை ரயிலுக்குக் காத்திருந்தவர்களின் முப்பது தட்டு சூப்பு ஆறத் தொடங்கியிருந்தது. ஆறிவிட்டால் குடித்துத் தீர்த்துவிடுவார்கள். ஃபெரேய்ராவுக்குக் கண் காட்டினார். வித்தை தெரிந்த உள்ளூர்க்காரர்கள் வெளியே போய் சிகரெட் பற்றவைத்தார்கள். ஒரு பெண் மட்டும் ஓடிப்போய் ஏறினாள். அகப்பையோடு ஜன்னலில் நின்று அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கூப்பிட்டால் மணி பொய் என்று நிலைய அதிகாரிக்குத் தெரிந்துவிடும். கூப்பிடவில்லை. அவள் தட்டையும் பானையில்தான் கவிழ்த்தார்.

விழாவில் பள்ளிக்கூட ஆசிரியை மாபெல் அவரை மேடைக்கு அழைக்கும்போது, இந்த நிலையத்தின் மணி நூறு வருஷத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை என்றாள். கைதட்டல். மூன்றாவது வரிசையில் சாம்பல் கோட்டு தலை குனிந்தது.

நிக்கானோர் பெட்டியைச் சொன்னார், மூட்டையைச் சொன்னார், சூப்பைச் சொன்னார். வழக்கம்போல ஜனம் சிரித்தது. வழக்கமாக அங்கே முடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். இன்றைக்கு உட்காரவில்லை. ஜூலை மாசத்து இரட்டை மணியையும் ஜன்னலையும் அகப்பையையும் சொன்னார். அதற்கும் சிரித்தார்கள். கிழவன் புதுசாக ஒன்று கட்டிவிட்டான் என்று பின்வரிசையில் ஒருவன் தொடையில் தட்டினான். வாழ்நாள் முழுக்க வேடிக்கையே விற்றவன் ஒருநாள் உண்மையைக் கடை விரித்தால் யார் நம்புவார்கள்? சிரிப்பு அடங்கும்வரை தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

இறங்கி வந்தபோது எல்வீரா எதிரே நின்றாள். திட்டவில்லை.

"இதை அனிபால்கிட்ட வந்து சொல்லுங்க. ஜோக்கு இல்லாம சொல்லுங்க."

மாபெலின் காரில் சான் எலியாஸ் போனார்கள். நாற்பது கிலோமீட்டரும் அவர் வாக்கியம் கட்டிப் பார்த்தார். கட்டிய ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு வேடிக்கை வந்து ஒட்டிக்கொண்டது. ஒவ்வொன்றாக வெட்டினார். வெட்ட வெட்டக் கையில் ஒன்றுமே மிஞ்சாது போலிருந்தது.

அனிபால் கதவைத் திறந்தான். தங்கையைப் பார்த்தான், பிறகு இவரை. யார் என்று முகத்தாலேயே கேட்டான்.

"சந்திப்புல சூப்புக்கடை வச்சிருந்தவன். அன்னைக்கு இரட்டை மணியைப் பொய்யா அடிக்க வச்சது நான். உங்க தங்கச்சி தப்பான ரயில்ல ஏறினதைப் பார்த்தேன். கூப்பிடல."

அனிபால் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"உங்க ஜன்னலுக்கும் ரயிலுக்கும் எவ்வளவு தூரம்?"

"பத்தடி."

அனிபால் கதவை விட்டு விலகி நின்று தங்கையிடம், "உள்ள வா" என்றான். குரல் துருப்பிடித்திருந்தது.

நிக்கானோரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டார். தொப்பியைக் கையில் பிடித்தபடி முற்றத்திலேயே நின்றார். திறந்த கதவுக்கும் அவருக்கும் நடுவே, எண்ணிப் பார்த்தால், அதே பத்தடிதான் இருக்கும்.