முறை வைத்து எழும் கணினி

கரண்ட் போனதும் பூபாலனுக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் கரண்ட் போவதும் வருவதும் ஒரு சேதியா? மருந்து ஆலையின் மோட்டார்கள் ஓய்ந்தன. பின்கட்டில் ஜெனரேட்டர் இருமிக்கொண்டு கிளம்பியது. கையிலிருந்த டீயை ஒரு வாய் குடித்தான். அப்புறம்தான் டம்ளரை அப்படியே கீழே வைத்தான்.

மாடியறைக் கணினியும் அணைந்து எழுந்திருக்கும். எழுந்திருந்தால், இது லேபின் முறை.

அந்த ஒற்றைக் கணினிக்கு இரண்டு எஜமானர்கள். மருந்துக் கலவை வேகும் ரியாக்டரின் சூட்டைக் கவனிக்கும் மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடும். சூடு ஏறினால் குளிர்நீர் வால்வைத் திறப்பதும் ஹாரன் அடிப்பதும் அதுதான். லேப் பெண் ஹர்ஷிதாவின் வேலையெல்லாம் லினக்ஸில். வேலை முடிந்ததும் சிஸ்டத்தை மாற்ற மறந்துவிட்டார்கள் என்று இரண்டு பக்கமும் தினம் சண்டை. “கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு நீதானே, ஏதாவது செய்யப்பா” என்றார் ஷிஃப்ட் இன்சார்ஜ் ஸ்ரீனிவாஸ். கணினி எழும்போது எந்தச் சிஸ்டத்தைக் கிளப்புவது என்று தீர்மானிக்கும் பூட் லோடரில் பூபாலன் சில வரிகள் எழுதிவைத்தான். ஒரு முறை விண்டோஸ், மறுமுறை லினக்ஸ். ரியாக்டரில் ஒரு பேட்ச் மருந்து முடிந்தால் லேப், லேப் முடிந்தால் அடுத்த பேட்ச். யாரும் எதையும் தொட வேண்டாம். சண்டை ஓய்ந்தது, சபாஷும் கிடைத்தது. பேட்ச் பாதியில் கரண்ட் போகும் என்பதை மட்டும் அவன் நினைக்கவில்லை. யு.பி.எஸ். பேட்டரியோ செத்து மாதக்கணக்காகிறது.

படிகளைத் தாவி ஏறினான். திரையில் லினக்ஸ். நீல மலை, வெள்ளை மேகம். சூடு எவ்வளவு என்று சொல்ல ஓர் எண் இல்லை. மறுபடி கிளப்பினால் விண்டோஸ் வரும். அந்தக் கிழட்டுச் சனியன் எழுந்து உட்காருவதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். கீழே ரியாக்டர் பக்கத்தில் நிற்பவன் மனைவி ராஜத்தின் அண்ணன் லட்சுமணன். ஹாரன் அடிக்காதவரை அங்கே எவனும் நகரமாட்டான்.

ரீஸ்டார்ட்டை அமுக்கிவிட்டுக் கீழே ஓடினான்.

“மச்சான்! வெளிய வா! எல்லாரும் வெளிய!”

“ஹாரனே சும்மா கெடக்கு, நீ என்னாத்துக்கு மாப்ள அலறுற?” லட்சுமணன் சிரித்தான்.

“அது அடிக்காது! சிஸ்டம் மாறிப்போச்சு. உள்ள என்ன சூடுன்னு யாருக்கும் தெரியாது!”

ரியாக்டரின் கழுத்துப்பக்கம் கையை வைத்த லட்சுமணன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மற்றவர்களை “பாகோ!” என்று விரட்டிவிட்டு, குளிர்நீர் வால்வின் இரும்புச் சக்கரத்தில் தொங்கினான். துரு. அசையவில்லை. பூபாலனும் சேர்ந்து தொங்கினான். உள்ளே ஏதோ உறுமியது. ராஜம் ஒரே நாளில் இரண்டு பாடைக்கு முன்னால் உட்காருவாள் என்று நினைப்பு ஓடியது.

சக்கரம் முனகித் திரும்பியது. தண்ணீர் பாய்ந்தது. சூடு இறங்குகிறதா ஏறுகிறதா என்று தெரியவில்லை.

அப்போதுதான் மாடியில் விண்டோஸ் எழுந்திருக்க வேண்டும். ஹாரன் அலறியது. இருவரும் சக்கரத்தை விடவில்லை. வெகுநேரம் அலறி, சூடு இறங்கியதும் அது ஓய்ந்தது.

ஸ்ரீனிவாஸ் வந்து முதலில் கேட்டது, பேட்ச் என்ன ஆயிற்று என்று. பேட்ச் கெட்டுப்போயிருந்தது. ரியாக்டர் ஆறிக் காலியான பிறகு பூபாலன் மாடிக்குப் போய், தான் எழுதிய வரிகளை அழித்தான். இனி எப்போதும் விண்டோஸ்தான். வேண்டுமானால் ஹர்ஷிதா கையால் மாற்றிக்கொள்ளட்டும்.

நிமிர்ந்தால் வாசலில் லட்சுமணன். உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

“இப்ப கரண்ட் போனா எது வரும்?”

“விண்டோஸ்தான் மச்சான். ராஜம் மேல சத்தியமா.”

“அவள ஏன்டா இழுக்குற? பிளக்கைப் புடுங்கிக் காட்டு.”

பிடுங்கிச் சொருகினான். விண்டோஸ் வந்தது.

“நக்கோ, இது போதாது. நீ அந்த வரிய எழுதின அன்னைக்கும்தான் ஒரு தடவை சரியா வந்துச்சு, அடுத்த தடவைதான் மாறிப்போச்சு. இன்னொண்ணு.”

பூபாலனின் கை பிளக்கைப் பிடித்தபடியே நின்றது. அழித்தது அவனே, ஆனாலும் இழுக்க வரவில்லை. லட்சுமணன் குனிந்து, கொப்பளித்த கையாலேயே பிடுங்கினான்.

மறுபடியும் விண்டோஸ்தான் வந்தது. லட்சுமணன் தலையாட்டவில்லை.

“ம். இன்னொண்ணு” என்றான்.