ஏழு பூச்சு ஹாம்

பாலிஷ்காரர் எந்த வேலையையும் ஒரே பூச்சில் முடித்ததாகச் சரித்திரம் இல்லை. மேஜையோ கதவோ அலமாரியோ, அவர் கைக்கு வந்தால் நாலு கோட்டு வார்னிஷாவது வாங்காமல் வெளியே போகாது. "போதும், விட்டுடுங்க" என்று வாடிக்கையாளரே கெஞ்சினாலும், "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று பிரஷை எடுப்பார். அப்படிப்பட்டவர் கையில் உப்பில் ஊறிய பன்றித்தொடை, ஆறு கிலோ ஹாமைக் கொடுத்தது யார் என்று கேட்டால், வேறு யாருமில்லை, அவருடைய வாய்தான்.

வருஷக் கடைசி லீவு விருந்து பதினைந்து வருஷமாக அவர் மனைவியின் அக்கா வீட்டில்தான் நடக்கும். ஹாம் சமைப்பது அக்கா, பாத்திரம் கழுவுவது தங்கை. அக்காவின் ஹாம் காய்ந்த விறகு மாதிரி இருக்கும். "இந்த வருஷம் கொஞ்சம் சரியா வரலையோ?" என்று அவள் கேட்பாள். "சேச்சே, பிரமாதம்!" என்று எல்லோரும் சொல்ல வேண்டும், அதுவும் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொல்ல முடியும். ஒரு தடவையாவது தன் வீட்டு வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று சொல்லிவிட வேண்டும் என்பது தங்கையின் ஆசை. இந்த வருஷம் எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி அக்காவைச் சம்மதிக்க வைத்தாள். விருந்துக்கு நாலு நாள் இருக்கும்போது மாடிப்படியில் சறுக்கி விழுந்தாள். வலது கையில் மாவுக்கட்டு.

அக்கா போனிலேயே அனுதாபத்தை முடித்துக்கொண்டாள். "சரி விடு, எப்பவும் போல இங்கயே வெச்சுக்கலாம். உனக்கெல்லாம் எதுக்குடி இந்த வேலை?"

மனைவியின் கண் கலங்கியதைப் பாலிஷ்காரர் பார்த்தார். அவருக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கி, "அக்கா, நீங்க இங்க வாங்க. நான் சமைக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அதுவரை அவருக்கு வெந்நீர் வைக்கத்தான் தெரியும். அதையும் ஒருமுறை தீய விட்டிருக்கிறார்.

தெரியாத வேலைக்கு முன்னால் தெரிந்த வேலையைச் செய்துவைத்தார். சாப்பாட்டு நாற்காலிகள் நாலையும் தேய்த்து வார்னிஷ் அடித்தார். கைவைத்த பெரிய நாற்காலி அக்காவுக்கு என்பதால், ஒரு மரியாதைக்கு முந்தின நாள் சாயங்காலம் அதற்கு மட்டும் இன்னொரு கோட்டு கொடுத்தார். வாரம் முழுக்க மழை, காற்றில் ஒரே ஈரம். காலையில் விரலால் தொட்டுப் பார்த்தார், ஒட்டவில்லை. அந்தத் திருப்தியோடு சமையலறைக்குள் போனார்.

மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து ஹாம் பொட்டலத்தின் மேல் இருந்ததை வாசித்தாள். இரண்டரை மணி நேரம் மூடி வேகவைக்க வேண்டும். பிறகு தோலை உரித்து, கொழுப்பின் மேல் கட்டம் கட்டமாகக் கீறி, கட்டத்துக்கு ஒரு கிராம்பு குத்த வேண்டும். பாலிஷ்காரர் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டார். ஒரு கட்டமாவது கோணியிருக்க வேண்டுமே! கிராம்புகள் டிரில் கிளாஸ் மாணவர்கள் போல வரிசையில் நின்றன.

"அப்புறம் தேன், கடுகு விழுது, சர்க்கரை, ஆரஞ்சுச் சாறு, எல்லாத்தையும் கலந்து மேல ஒரு தடவை பூசி, அரை மணி ஓவன்ல வைக்கணும்" என்றாள்.

"ஒரு தடவையா?" பாலிஷ்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஒரு கோட்டுல எது நிக்கும்? எழுதினவனுக்கு வேலை தெரியாது."

கடையிலிருந்து பிரிக்காத புதுப் பிரஷ் ஒன்றை எடுத்துவந்தார். ஓவனைத் தணித்து வைத்து, மெல்லிசாக ஒரு பூச்சு, காய விட்டு அடுத்த பூச்சு என்று ஆரம்பித்தார். மூன்றாவது பூச்சு முடிந்ததும் பழக்க தோஷத்தில் கை சட்டைப் பைக்குப் போனது.

"என்னது அது?"

"உப்புத்தாள். லேசா ஒரு தேய் தேய்ச்சா அடுத்த கோட்டு நல்லாப் பிடிக்கும்."

"ஏங்க, அது ஏற்கனவே உப்புல ஊறினது. இதுல உப்புத்தாள் வேறயா? உள்ள வைங்க!"

ஏழாவது பூச்சில் ஹாம் பளபளவென்று மின்னியது. பாலிஷ்காரர் குனிந்து பார்த்தார். அதில் அவர் மூக்கு தெரிந்தது.

மத்தியானம் அக்கா வந்தாள், புது வெல்வெட் கவுனில். பின்னாலேயே அவள் வீட்டுக்காரர். நம் பாலிஷ்காரருக்குச் சகலை. பெரிய ஆபீஸ் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறவர். மேலே என்றால் மேலே, கீழே என்றால் கீழே போய்ப் பழகியவர் என்பதால் வீட்டிலும் சிரமமில்லாமல் இருந்தார். மனைவி மாவுக்கட்டுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வாங்க, வாங்க" என்றாள். ஒன்றுக்கு நாலு தடவை சொன்னாள்.

அக்கா பெரிய நாற்காலியில் அமர்ந்தாள். மூக்கை உறிஞ்சினாள். "வார்னிஷ் வாசனை வருதே?"

யாரும் பதில் சொல்வதற்குள் பாலிஷ்காரர் ஹாமைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். அக்கா அதையே பார்த்தாள். பிறகு சமையலறைத் திண்டின் மேல் இருந்த பிரஷையும், பக்கத்தில் பழுப்பு நிறத்தில் பாதி காலியான சீசாவையும் பார்த்தாள்.

"தம்பி, இது மேல என்ன பூசினீங்க?"

தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தொழில் பெருமை விடவில்லை. "ஏழு கோட்டுக்கா! ஒவ்வொண்ணும் நல்லாக் காய வெச்சு அடிச்சது. பத்து வருஷம் ஆனாலும் மங்காது."

ஹாமை நோக்கி நீண்ட சகலையின் முள்கரண்டி அப்படியே நின்றது.

"அய்யோ, தேன்தான்க்கா!" என்று பாலிஷ்காரர் ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டுக்கொண்டார்.

"நீங்க தினமும் அதுலயே புழங்கறவர். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள் அக்கா.

மனைவி ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டாள்.

"அவளுக்கென்ன, நீங்க குடுத்தா விஷத்தையும் தின்பா. இதுக்குத்தான் அப்பவே சொன்னேன், எங்க வீட்லயே வெச்சுக்கலாம்னு."

இனி ஆயுசுக்கும் அந்த விறகுதான் என்று பாலிஷ்காரர் நினைத்தார். ஆனால் அவர் மனைவி இடது கையால் முள்கரண்டியை மேஜையில் வைத்தாள்.

"அக்கா, பதினஞ்சு வருஷம் உன் ஹாமை ஒரு கேள்வி கேக்காமத் தின்னேன். ஒரு நாளாவது தண்ணி குடிக்காம உள்ள இறங்கியிருக்கா? இவரைக் கேளு!"

இவர் என்பது லிஃப்ட்காரர். அவர் கூரையைப் பார்த்தார்.

அக்காவின் முகம் சிவந்தது. "அப்படியா சேதி? இனிமே எனக்கும் இந்த வீட்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல!" என்று விருட்டென்று எழுந்தாள்.

நாற்காலியும் எழுந்தது.

உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். நாற்காலி விடுவதாக இல்லை. பாலிஷ்காரருக்கு அந்தக் கூடுதல் கோட்டு நினைவுக்கு வந்தது. விரலுக்கு ஒட்டாத வார்னிஷ் வேறு, அக்காவின் எடைக்கும் சூட்டுக்கும் ஒட்டாத வார்னிஷ் வேறு.

"உறவு இல்லாட்டியும் ஒட்டு இருக்குக்கா" என்று மெதுவாகச் சொன்னார். "வார்னிஷைக் கரைக்க டர்பன்டைன் போட்டா கவுன் போயிடும். சூடு காட்டி மெதுவாத்தான் எடுக்கணும். ஒரு மணி நேரமாவது ஆகும்."

அதற்குள் லிஃப்ட்காரர், வாழ்க்கையில் முதல் தடவையாக யாரும் எந்த மாடி என்று சொல்லாமலே, ஒரு பெரிய துண்டை வாயில் போட்டிருந்தார். மென்றார். கண்ணை மூடினார். "இன்னொரு துண்டு" என்றார். தண்ணீரைத் தொடவே இல்லை. அக்கா அதைக் கவனித்தாள்.

பாலிஷ்காரர் தரையில் படுத்து முடி உலர்த்தும் மெஷினால் நாற்காலிக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் அக்கா வைராக்கியமாக இருந்தாள். வைராக்கியத்துக்கு நேர் எதிரே ஹாம் மணத்துக்கொண்டிருந்தது. "சும்மா ஒரு ஓரம் மட்டும் வை" என்றாள். ஓரம் நடுவாகி, நடு எலும்புவரை போனது. நாற்காலி விட்டபிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

கவுனில் உள்ளங்கை அகலத்துக்கு வெல்வெட்டைக் காணோம். பின்பக்கத்தை மறைக்கத் தங்கையின் சமையல் ஏப்ரனைப் பின்புறமாகத் திருப்பிக் கட்டிக்கொண்டாள். ஏப்ரன் கட்டியவள் சும்மா நிற்க முடியுமா? மாவுக்கட்டுக்காரி உட்கார்ந்திருக்க, அக்கா தொட்டியில் பாத்திரம் கழுவினாள்.

"அடுத்த வருஷமும் இங்கயேதான்" என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "நாற்காலி மட்டும் நான் எடுத்துட்டு வரேன்."

அவர்கள் போனதும் பாலிஷ்காரர் சுரண்டுகிற தகட்டை எடுத்துக்கொண்டு பெரிய நாற்காலிக்கு முன்னால் குந்தினார். இருக்கையின் நடுவில் அக்காவின் வெல்வெட் துண்டு அழகாக ஒட்டியிருந்தது. சுரண்டப் போனவரின் தோளில் மனைவி இடது கையை வைத்தாள்.

"அதை எடுக்காதீங்க. அது மேலயே இன்னொரு கோட்டு அடிச்சிடுங்க."