மூன்றாவது மெஷின்

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால், ஒரு பெரிய கணினிக்குள் பன்னிரண்டு கணினிகளை வைத்துக் குடித்தனம் நடத்துகிறேன் என்பேன். அவற்றுக்கு உடம்பு கிடையாது. வெர்ச்சுவல் மெஷின் என்று பெயர். வீட்டு மேசையிலிருந்தே அவற்றை எழுப்புவேன், நிறுத்துவேன். அதற்கென்று திரையின் ஓரத்தில் ஒரு ஐகான் செய்துவைத்திருக்கிறேன். வலது கிளிக் செய்தால் சின்னப் பட்டியல் இறங்கும். நானே எழுதிய குறுக்குவழி என்பதால் அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அன்று காலை அந்த மெஷின்களில், வீட்டிலிருந்தே இணையம் வழியாக எழுதும் மருந்தாளுநர் உரிமத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. எழுதுபவர்களில் ஒருவர், பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த என் கணவர். மூன்று முறைதான் எழுதலாம். இரண்டு முறை கோட்டைவிட்டவர், ஆறு மாதமாக மாத்திரைப் பெயர்களைத் தூக்கத்திலும் ஒப்பித்தார். சொந்தக்காரர் எழுதினால் நான் அன்று பணியில் இருக்கக் கூடாது என்பது விதி. நான் வாயைத் திறக்கவில்லை. கேள்வித்தாளையா பார்க்கப்போகிறேன், மெஷினைத்தானே பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

பதினொன்று பத்துக்கு, சோதனைக்காக வைத்திருந்த மெஷின் ஒன்று வெட்டியாக ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என் கை சும்மா இருக்குமா? ஐகானில் வலது கிளிக் செய்து, 'சோதனை மெஷினை நிறுத்து' என்பதை அழுத்தினேன்.

பக்கத்து அறையில் ஓர் அலறல்.

"ஐயோ! போச்சு! எல்லாம் போச்சு!"

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். திரை வெள்ளையாகக் கிடந்தது. அவர் முகம் அதைவிட வெளுத்திருந்தது.

"என்னாச்சுன்னே தெரியல! எழுபத்தோராவது கேள்வி, அப்படியே நின்னு போச்சு!"

"நாந்தாங்க நிறுத்திட்டேன். எதையும் தொடாதீங்க, இதோ எழுப்பிடறேன்."

மேசைக்குத் திரும்பிய பிறகுதான் விஷயம் புரிந்தது. சோம்பேறித்தனத்தில், குறுக்குவழிக்குள் மெஷினின் பெயரை எழுதாமல் 'மெஷின் வரிசையில் மூன்றாவது' என்று எழுதித் தொலைத்திருந்தேன். முந்தின நாள் கூட வேலை செய்பவள் வரிசையின் தொடக்கத்தில் புது மெஷின் ஒன்றைச் சேர்த்திருக்கிறாள். எல்லாம் ஓரிடம் தள்ளிப்போய், மூன்றாவது இடத்தில் அறுபது பேர் தேர்வெழுதும் மெஷின் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவசரத்தில் 'எழுப்பு' என்பதை இரண்டு தடவை தவறவிட்டேன். அது எழுந்திருக்க நாற்பது விநாடி ஆனது.

பதில்கள் எல்லாம் அப்படியே இருந்தன. போன நேரத்தையும் மெஷின் கூட்டிக் கொடுத்துவிட்டது. பக்கத்து அறையில் மறுபடியும் மவுஸ் சத்தம் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பத்து நிமிடம் கழித்து மேலாளர் அழைத்தார்.

"தப்பு என்னோடது சார்," என்று நானே முந்திக்கொண்டேன். "குறுக்குவழில பேரைப் போடாம..."

"அது கெடக்கட்டும்மா. மெஷினு நிக்கும், எழும்பும். எழுதறவங்களோட கேமராவும் மைக்கும் வேற மெஷின்ல பதிவாகுதே, அது நிக்கவே இல்ல. ஒருத்தர் ரூம்ல ஒரு பொம்பளைக் குரல். 'நாந்தாங்க நிறுத்திட்டேன்'னு சொல்லுது. ஆறு வருஷமா தினம் போன்ல கேக்கற குரல்மா அது."

பக்கத்து அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"யாரும்மா அவரு?"

"என் வீட்டுக்காரர் சார்."

"அப்ப அவரைத் தேர்வுலேருந்து வெளிய அனுப்பித்தான் ஆகணும். இப்பவே."

"அவர் மேல ஒரு தப்பும் இல்ல சார். இதான் அவருக்குக் கடைசி தடவை."

"புரியுதும்மா. ஆனா பதிவு எனக்கு மட்டும் வரல, மேலயும் போயிருக்கு."

"நானே சொல்லிடறேன் சார். ஒரே ஒரு நிமிஷம் குடுங்க."

கதவைத் திறந்தேன். எண்பத்தெட்டாவது கேள்வியில் இருந்தார். தேர்வில் பேசக் கூடாது என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமலே, எல்லாம் நன்றாகப் போகிறது என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.