வைட்டமின் டப்பா

என் மகள் சிஜியின் கல்யாணத்துக்கு முன் சபையில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். இந்த விவாகத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் மூன்று தடவையும் கேட்டார். முன்வரிசையில் இருந்த எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயசிலிருந்து அவளுக்கு வலிப்பு உண்டு. நான் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். ஏற்கெனவே ஐந்து சம்பந்தம் அந்த ஒரு வார்த்தையால் முறிந்திருந்தது. ஆறாவதையும் முறிக்க எனக்கென்ன பைத்தியமா?

அதன்பிறகு நாலு வருசமாக மாதம் ஒருமுறை பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குப் போவேன். யாருக்கு என்று கேட்காத ஒரு மருந்துக்கடை அங்கே உண்டு. வலிப்புக் குளிகையை வாங்கி, அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி, வைட்டமின் டப்பாவில் போட்டு, ஆரியங்கோட்டில் அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவேன். மருமகன் நிஜினே அதை வாங்கி அலமாரியில் வைப்பான். ரப்பர் வெட்டுகிறவன், சூதுவாது தெரியாதவன். வைட்டமின் என்றால் அவனுக்கு வைட்டமின்தான்.

இந்த வருசம் சிஜியின் ஈரலில் கிருமி இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். ஹெப்படைட்டிஸ் சி. பன்னிரண்டு வாரம் தினமும் ஒரு குளிகை தின்றால் அநேகமாக எல்லோருக்கும் போய்விடும் என்றார் டாக்டரம்மா. வேறு மருந்து ஏதாவது உண்டா என்று அன்றைக்கே கேட்டார். நிஜின் பக்கத்தில் நின்றதால் சிஜி இல்லை என்றாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அந்தப் பன்னிரண்டு வாரமும் நிஜின் அவளைத் தரையில் விடவில்லை. காலையில் ரப்பர் பால் எடுத்துவிட்டு வந்ததும் கையைத் தேய்த்துக் கழுவி, குளிகையை எடுத்துக் கொடுத்து, அவள் விழுங்கும்வரை நிற்பான். ஈரலுக்கு நல்லதென்று யாரோ சொன்னதைக் கேட்டு, வீட்டு மரத்துப் பம்பளிமாசைப் பிழிந்து தினமும் ஒரு பெரிய கிளாஸ் கொடுக்க ஆரம்பித்தான். இரண்டே வாரத்தில் அவள் சுவரைப் பிடித்து நடந்தாள். "ரெண்டு ரெண்டாட்டுத் தெரியுதும்மா" என்றாள்.

நேற்று நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா இரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்தார். கிருமி போகவே இல்லை. குளிகையை ஒழுங்காகக் கொடுத்தாயா என்று நிஜினிடம் கேட்டார். அவன் பையிலிருந்து மூன்று காலிக் குப்பிகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தான்.

"ஒரு நாளும் முடங்கல்ல டாக்டரே. எனக்க கையால கொடுத்ததாக்கும்."

அவன் கண் நிறைந்துவிட்டது. டாக்டரம்மா தலைசுற்றலைப் பற்றி விசாரித்தார். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டபோது நிஜின் பம்பளிமாஸ் கதையைப் பெருமையாகவே சொன்னான். அவர் பேனாவை வைத்துவிட்டார்; கிருமி போகாததையும் தலைசுற்றலையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். சில வலிப்புக் குளிகைகளோடு பம்பளிமாஸ் சேர்ந்தால் குளிகையின் வேகம் உடம்பில் கூடிப்போய் இப்படித் தலை சுற்றுமாம். அதே குளிகை, கிருமிக்குக் கொடுக்கிற மருந்தை வேலைசெய்ய விடாமல் தீர்த்துக்கட்டிவிடுமாம்.

"வேற மருந்து வல்லதும் கழிக்குன்னுண்டோ?" என்று, முதல் நாள் கேட்டதையே மலையாளத்தில் மறுபடியும் கேட்டார்.

"இல்ல" என்றாள் சிஜி.

"வைட்டமின் மட்டும் உண்டு" என்றான் நிஜின்.

சிஜி என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள். முன்னே போனால் முட்டும், பின்னே வந்தால் உதைக்கும். சொன்னால் அவள் வீடு போகும், சொல்லாவிட்டால் அவளே போவாள். கர்த்தரே, இந்த நிமிசமே என்னை எடுத்துக்கொள்ளும் என்று மனசுக்குள் கதறினேன். அவர் எடுக்கவில்லை.

"அது வைட்டமின் இல்ல டாக்டரே. வலிப்புக்குள்ள குளிகையாக்கும். நாந்தான் மறச்சேன்."

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. வலிப்புக் குளிகையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, நரம்பு டாக்டர் மெதுவாக வேறொன்றுக்கு மாற்றுவார், பிறகு கிருமி மருந்தை முதலிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். அதற்குள் ஈரல் எவ்வளவு தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார்.

நிஜின் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமி, ரெண்டு குளிகையையும் ஒரே உள்ளங்கையில வச்சில்லா நான் அவளுக்குக் கொடுத்தேன்" என்றான். "நாலு வருசத்துல எங்கிட்ட சொல்ல ஒரு நாளு கிட்டல்லியா?"

எழுந்து வெளியே போனான்; அவன் பைக் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது. நாங்கள் வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்தோம். சிஜி என் பக்கம் திரும்பினாள்.

"எதுக்கும்மா சொன்ன? செத்தா அவருக்க பொண்டாட்டியாட்டு செத்திருப்பேன். இனி ஆருக்க பொண்டாட்டியாட்டு சாவேன்?"

நான் முந்தானையை வாயில் வைத்து அழுதேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து நிஜின் திரும்பி வந்தான். ஆரியங்கோடு வரை போய் வந்திருக்கிறான். வைட்டமின் டப்பாவையும் ஒரு தண்ணீர்ப் பாட்டிலையும் சிஜியின் மடியில் வைத்தான்.

"காலையில வந்த அவசரத்துல நீ தின்னல்ல. நிறுத்தப்படாதுன்னு டாக்டர் சொன்னாவல்லியா."

எடுத்துக் கொடுக்கவில்லை. நடுவில் ஒரு நாற்காலியை விட்டு அந்தப்பக்கம் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைகளுக்கு இடையில் இடுக்கிக்கொண்டான். சிஜி கொஞ்சநேரம் அவன் பக்கம் உள்ளங்கையை நீட்டி வைத்திருந்தாள். பிறகு மூடியைத் தானே திறந்தாள்.