அது சொட்டணும்

கண் டாக்டர் தன் படகை விற்கும்போது நிறையப் பொய் சொன்னார். குழாய்க்காரர் எல்லாவற்றையும் நம்பினார். நடுவில் டாக்டர் ஓர் உண்மையும் சொன்னார். அதை மட்டும் குழாய்க்காரர் நம்பவில்லை.

படகு பழையது. வெள்ளை உடம்பு, முன்னால் கண்ணாடி வைத்த ஓட்டும் இடம், உள்ளே இரண்டு பேர் படுக்க மெத்தை, ஒரு குட்டிச் சமையல் மேடை, அதைவிடக் குட்டியாக ஒரு கழிப்பறை. யாட் என்றார் கண் டாக்டர். படகு என்றார் குழாய்க்காரர். கூட வந்த மச்சினன் கப்பல் என்றான். அவன் பஸ் டிரைவர். நீளமான எதையும் மரியாதையோடு பார்ப்பான்.

"ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எடுப்பேன்," என்றார் கண் டாக்டர். "எஞ்சின் போன வருஷம்தான் பிரிச்சு வேலை பார்த்தது. பேட்டரி புதுசு. டாய்லெட்டை இதுவரைக்கும் யாரும் தொட்டதே இல்ல."

கடைசியாகச் சொன்னது ஒருவகையில் சரிதான் என்று பிறகு தெரிந்தது. அதற்குக் குழாயே இணைத்திருக்கவில்லை.

குழாய்க்காரர் எஞ்சினுக்குப் பின்னால் இருந்த தரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தார். எஞ்சினிலிருந்து ஓர் இரும்புத் தண்டு நீண்டு, படகின் அடிவயிற்றைத் துளைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போனது. அதன் மறுமுனையில்தான் படகைத் தள்ளும் விசிறி. தண்டு வெளியேறும் இடத்தில் ஒரு பித்தளைக் கழுத்து. கழுத்துக்குள் மெழுகுக் கயிறு திணித்து, மேலே நட்டு போட்டு இறுக்கியிருந்தது. வால்வுகளில் அவர் ஆயிரம் முறை பார்த்த அதே அமைப்பு. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு சொட்டு. கொஞ்சம் இடைவெளி. இன்னொரு சொட்டு.

"ஒழுகுதே," என்றார்.

"அது சொட்டணும்," என்றார் கண் டாக்டர்.

குழாய்க்காரர் தலையாட்டினார். முப்பது வருடத் தொழிலில் இந்தப் பேச்சை எல்லா ராகத்திலும் கேட்டிருக்கிறார். வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் சொல்வார்கள். விற்கிறவர்கள் இன்னும் அழுத்திச் சொல்வார்கள். அது அப்படித்தாங்க, பழகிடும். ஒழுகுகிற எதையும் ஒழுக வேண்டியது என்று சொல்லாமல் உலகத்தில் யாரும் விற்றதில்லை. டாக்டரும் மனிதர்தானே என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

உனக்கெதற்குப் படகு என்று கேட்காதவர்கள் இல்லை. அவர் யாருக்கும் நேரான பதில் சொல்லவில்லை. பதில் இதுதான். முப்பது வருடம் அடுத்தவர் வீட்டுத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தண்ணீரைக் கீழே இருந்தே பார்த்தாயிற்று. ஒருமுறை அதன் மேலே உட்கார்ந்து பார்க்க வேண்டும். பக்கத்தில் மனைவி இருக்க வேண்டும். தனியாகப் போவதென்றால் மச்சினனின் பஸ்ஸே போதும்.

மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. அவர் விஷயத்தைச் சொன்னபோது ஒரு பள்ளிச் சீருடைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்தவில்லை.

"ஊரார் வீட்டுத் தண்ணியில நனைஞ்சு வந்தது போதாதுன்னு, இப்ப சொந்தமா வேற தண்ணி வேணுமாக்கும்."

"நீயும் வரணும்."

"உள்ள தண்ணி வருமா?"

"படகுன்னா, கொஞ்சம்..."

"அந்தக் கொஞ்சத்துலதாங்க எல்லாக் கப்பலும் முழுகியிருக்கு."

மெஷின் நின்றது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஒரு சொட்டு உள்ள வந்தாலும் நான் ஏற மாட்டேன். மழைக்காலத்துக்குள்ள காய வைங்க. இல்லன்னா வித்துடுங்க. ஒழுகுறது இந்த வீட்டுல ஒண்ணு போதும்."

அந்த ஒன்று சமையலறைக் குழாய். நாலைந்து வருடமாகச் சொட்டுகிறது. அதன் கீழே ஓர் அலுமினியக் கிண்ணம் வைத்திருந்தாள். நிறைந்ததும் அந்தத் தண்ணீரில் பாத்திரம் துலக்குவாள். குழாய்க்காரர் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்பார். ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. "வாத்தியார் பிள்ளை மக்கு, குழாய்க்காரர் வீட்டுல ஒழுக்கு" என்று துணி கொடுக்க வருபவர்களிடம் சொல்வாள். கோபமாக அல்ல. முகவரி சொல்வதைப் போல.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளைப் படகு எடுத்துக்கொண்டது.

போன வருடம் பிரித்த எஞ்சினைத் திரும்பப் பூட்டியவர் பாதியில் சாப்பிட எழுந்து போயிருக்க வேண்டும். புதிய பேட்டரி எந்த வருடத்தில் புதியது என்று அதன் மேலேயே அச்சிட்டிருந்தது. குழாய்க்காரர் அடிப்பாகத்தில் அப்பியிருந்த சிப்பிகளைச் சுரண்டினார். வண்ணம் அடித்தார். கழிப்பறைக்குக் குழாய் போட்டார். அந்த ஒரு வேலை மட்டும் அரை நாளில் முடிந்தது. மற்றபடி ஒன்றைச் சரிசெய்தால் பக்கத்தில் இருப்பது, அப்ப நான் என்று கேட்டது.

மச்சினன் உதவிக்கு வருவான். வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சக்கரத்தை இப்படியும் அப்படியும் திருப்புவான்.

"அத்தான், இதுல பிரேக் எங்க?"

"கிடையாது."

"அப்ப எப்படி நிப்பாட்டுறது?"

"முன்கூட்டியே யோசிக்கணும்."

"இதுவரைக்கும் நான் செய்யாதது அது ஒண்ணுதான்," என்றான் மச்சினன்.

மனைவி ஜன்னல்களுக்குத் திரை தைத்தாள். படகை எட்டிக்கூடப் பார்க்காமல், அவர் எடுத்து வந்த அளவை வைத்துத் தைத்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "வர மாட்டேன்னுதான் சொன்னேன். அசிங்கமா இருக்கட்டும்னு சொல்லல."

அந்தச் சொட்டை நிறுத்தும் வேலையை அவர் கடைசிக்கு வைத்திருந்தார். அது தன் தொழில். சாப்பாட்டில் பிடித்ததைக் கடைசியில் சாப்பிடுகிற ஆள் அவர். பழைய கயிற்றைக் கொக்கியால் இழுத்து எடுத்தார். புதுக் கயிறு திணித்தார். நட்டை இறுக்கினார். சொட்டியது. இன்னும் இறுக்கினார். யோசித்து யோசித்துச் சொட்டியது. ஸ்பானரின் பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி, காலை எதிர்ச்சுவரில் ஊன்றி, மூச்சை அடக்கி ஒரு இழு இழுத்தார். நின்றது.

விரலால் தடவி விரலைப் பார்த்தார். காய்ந்திருந்தது. தண்டைக் கையால் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. நல்ல இறுக்கம் என்று நினைத்தார்.

மனைவியிடம் சொன்னார். அவள் தம்பியைக் கூப்பிட்டாள்.

"நீ போய்ப் பாருடா. அவர் வேலையை அவர் கண்ணு நல்லாத்தான் பார்க்கும்."

மச்சினன் ஒரு செய்தித்தாளைத் தண்டுக்குக் கீழே விரித்துவிட்டு வந்தான். சில நாள் கழித்து அதை எடுத்து வந்து கொடுத்தான். அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கையால் தடவினாள். துணியின் தரம் பார்ப்பதுபோல் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் உரசினாள்.

"காஞ்சிருக்கு."

"அதைத்தானே நானும் சொன்னேன்."

"பேப்பர் சொல்லுது. ஞாயித்துக்கிழமை வர்றேன்."

அன்று குழாய்க்காரர் முகத்தை மழித்துக்கொண்டார். மச்சினன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, படகில் நின்றுகொண்டு, "ஏறுங்க, ஏறுங்க, உள்ள தள்ளிப் போங்க, இடம் கிடக்கு" என்றான். அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள். முதலில் பலகையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு திரைகளைப் பார்த்தாள். ஒன்று ஒரு விரல் குட்டையாக இருந்தது.

"இந்த ஜன்னல் தப்பு," என்றாள்.

மச்சினன் பஸ் பழக்கத்தில், படகில் இல்லாத கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டுப் படகை எடுத்தான். கரை விலகியது. கிடங்குகள் தீப்பெட்டி ஆயின. கணவனும் மனைவியும் பின்பக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் முதலில் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் முழங்கையை. பிறகு எதையும் பிடிக்கவில்லை.

"பரவாயில்ல," என்றாள்.

அவளிடம் பரவாயில்லை வாங்கியவர்கள் அந்தத் தெருவில் இரண்டு மூன்று பேர்தான். குழாய்க்காரர் தண்ணீரைப் பார்த்தார். மேலே இருந்து பார்க்க அது வேறு மாதிரிதான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மூக்கைச் சுளித்தாள்.

"யாரோ இஸ்திரிப் பெட்டியைத் துணி மேலேயே வெச்சுட்டுப் போயிட்டாங்க."

"நடுக்கடல்ல யாரு இஸ்திரி போடுறா அக்கா?" என்றான் தம்பி.

தரைப் பலகையின் இடுக்கிலிருந்து புகை வந்தது.

எஞ்சினை நிறுத்தினார்கள். குழாய்க்காரர் பலகையைத் தூக்கி, ஈரத்துணியைப் பித்தளைக் கழுத்தில் வைத்தார். சுர்ரென்றது. உள்ளே கயிறு கருகிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் இறுக்கிய ஆயிரம் வால்வுகளும் என்றைக்கோ ஒரு நாள் யாரோ கை வைத்தால்தான் திரும்பும். இந்தத் தண்டு ஓயாமல் சுற்றுகிறது. சூடாகிறது. அதைக் குளிர வைக்க இங்கே இருப்பது ஒன்றே ஒன்று, அந்தச் சொட்டு. அதைத்தான் குழாய் செருகி இழுத்து அடைத்திருந்தார்.

"என்ன அத்தான், எஞ்சினா?"

ஆமாம் என்றால் போதும். எஞ்சினின் பெயர் ஏற்கெனவே கெட்டிருந்தது. யாராவது வந்து கட்டி இழுத்துப் போவார்கள். படகு காய்ந்தே இருக்கும். அவளும் அடுத்த முறை வருவாள். நட்டைத் தளர்த்தினால் படகு ஓடும். ஆனால் தண்ணீர் உள்ளே வரும். அவள் பார்க்க, அவர் கையாலேயே.

அவள் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரிக்கு அளவு தப்பினால் முகத்திலேயே தெரியும்.

"எஞ்சின் இல்ல," என்றார். "நான்தான். ரொம்ப இறுக்கிட்டேன். அது சொட்டணும்."

"யார் சொன்னா?"

"கண் டாக்டர்."

"விக்கிறவன் பேச்சை நம்பக்கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

"அதான் நம்பல."

அலை படகின் விலாவில் தட்டியது. மச்சினன் தன் மிதவைச் சட்டையின் பட்டையை இழுத்து இறுக்கினான். தண்டு ஆறக் காத்திருந்தார்கள்.

"இப்ப என்ன பண்ணணும்?" என்றாள்.

"தண்ணியை உள்ள விடணும்."

"நீங்களேவா?"

"நானேதான்."

ஸ்பானரைப் போட்டார். முப்பது வருடக் கை எதிர்ப்பக்கம் திரும்ப மறுத்தது. திருப்பினார். தண்ணீர் ஆவியோடு சீறிக்கொண்டு வந்து அவர் சட்டையை நனைத்தது. கொஞ்சம் இறுக்கினார். சீறல் ஒழுக்கானது. இன்னும் கொஞ்சம். ஒரு சொட்டு. இடைவெளி. இன்னொரு சொட்டு.

அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"எப்பவுமே இப்படியா?"

"ஓடும்போது சொட்டணும். நின்னா நின்னுடும். ஏறக்குறைய."

"ஏறக்குறைய," என்றாள் அவளும். ஒரு சொட்டு விழும்வரை பார்த்தாள். "என் மெஷினும் எண்ணெய் விடலன்னா இறுகிக்கும். கூட விட்டா துணி கறையாகும்." இன்னொரு சொட்டு விழுந்தது. "இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏறியிருப்பேனா?"

"மாட்டே."

"மாட்டேன்தான்."

அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். உள்ளே இருந்ததை மூடியில் கவிழ்த்துத் தம்பியிடம் கொடுத்தாள். காலி டப்பாவைச் சொட்டுக்குக் கீழே வைத்தாள்.

"தண்ணியை வெளியே தள்ளத் தனியா மோட்டார் இருக்கு," என்றார் குழாய்க்காரர்.

"அதைப் பத்தி டாக்டர் என்ன சொன்னார்?"

"புதுசுன்னார்."

"டப்பா இருக்கட்டும்."

மெதுவாகத் திரும்பினார்கள். மச்சினன் ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மூடியில் இருந்ததைச் சாப்பிட்டான். அவள் பெஞ்சுக்குப் போகவில்லை. டப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப வித்துடவா?" என்றார் குழாய்க்காரர், கரையைப் பார்த்தபடி.

"பேசாம இருங்க. பாத்துட்டிருக்கேன்ல."

மச்சினன் முன்கூட்டியே யோசித்தும் படகு துறையில் இடித்துத்தான் நின்றது. அவள் டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அடி மறைகிற அளவுகூடத் தண்ணீர் இல்லை. அதைக் கடலில் ஊற்றினாள்.

"நம்ம வீட்டுக் குழாய் இதைவிட ஜாஸ்தி."

"அது வேற."

"ஏன், அதுவும் சொட்டணுமா?"

ஆமாம் என்று சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தார். அன்றைக்கு ஒரு உண்மை சொல்லிக் கைகூடியிருந்தது.

"இல்ல. அது சொட்டக்கூடாது."

"நல்லது," என்றாள். செருப்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

வீட்டுக்குப் போனதும், நனைந்த சட்டையைக்கூட மாற்றாமல், சமையலறைக் குழாயைப் பிரித்தார். உள்ளே ஒரு வாஷர் தேய்ந்திருந்தது. அவர் பையில் அதே அளவு வாஷர்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. அவள் கதவருகே நின்று, அவர் முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தாள். அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அலுமினியக் கிண்ணத்தோடு படகில் ஏறினாள். அது தண்டுக்கு அடியில் அளவெடுத்தது போல் உட்கார்ந்தது. குட்டைத் திரைக்கு ஒரு விரல் அகலத்தில் கரை வைத்துத் தைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து நின்றார்கள். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பலகை திறந்திருந்தது. பக்கத்துப் படகை விலை பேச வந்த ஒருவர் சும்மா எட்டிப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். அதில் விழும் சொட்டையும் பார்த்தார்.

"ஒழுகுதேம்மா," என்றார்.

"அது சொட்டணும்," என்றாள் அவள்.

வந்தவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் குழாய்க்காரருக்குத் தெரிந்ததுதான்.